சீமை அத்தியில் பதியம்: வேர் ஏன் வரவில்லை, வந்தது ஏன் நிலைக்கவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்வாசலில் பெரிய தொட்டியில் ஆறடி உயரத்துக்கு ஓர் அத்தி மரம், நன்றாகக் காய்க்கிறது. மகள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் ஒவ்வொரு கன்று கொடுக்க மூன்று தடவை பதியம் போட்டிருக்கிறார், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்து வெட்டி எடுக்கும் முறை. முதல் தடவை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் வேரே இல்லை, உரித்த இடத்தைப் பட்டை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை கொல்லை மண்ணும் மாட்டுச் சாணமும் குழைத்துக் கட்டினார், கிளை கறுத்து அழுகிவிட்டது. மூன்றாம் தடவை வெள்ளை வேர் தெரிந்தது, வெட்டி நட்டார், நான்கே நாளில் இலையெல்லாம் தொங்கி இரண்டு வாரத்தில் பட்டுப்போனது. எங்கே தப்பு, பேசாமல் குச்சி நட்டால் ஆகாதா, இப்படி வெட்டிக்கொண்டே போனால் தாய் மரம் கெட்டுப்போகாதா என்பவை அவர் கேள்விகள்.

அக்கா, மூன்று தடவையும் நடந்தது ஒரே தப்பு இல்லை. முதல் தடவை கத்தியில், இரண்டாம் தடவை வைத்துக் கட்டின பொருளில், மூன்றாம் தடவை வெட்டி இறக்கின நேரத்திலும் விட்டுவைத்த இலையிலும். அத்தி வேர் விடத் தயங்குகிற மரமே இல்லை. கொய்யாவும் எலுமிச்சையும் இரண்டு மாதம் எடுக்கிற இடத்தில் அத்தி மூன்று நான்கு வாரத்தில் வேர் காட்டிவிடும். நம்மூர் ஈரக் காற்றில் சில கிளைகளின் கணுவை ஒட்டி வெளிறிய சின்ன முண்டுகள் தானாகவே தள்ளி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது நோய் இல்லை, வேர் புறப்படக் காத்திருக்கும் இடம். ஆகவே தோல்விக்குக் காரணத்தை மரத்தில் தேடாமல் செய்முறையில் தேடுவோம்.

அதற்கு முன்னால் மரம் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நர்சரிகளில் 'புவா தீன்' என்று எழுதிவைத்து விற்பது சீமை அத்தி. குர்ஆனின் 95-ஆம் அத்தியாயத்துக்கு அத்-தீன் என்றே பெயர் இருப்பதால் மலாய்க்காரர்கள் இதை விரும்பி வளர்க்கிறார்கள், அதனால்தான் இங்கே இத்தனை வகை கிடைக்கிறது. கோயில் பக்கத்தில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கும் நாட்டு அத்தி வேறு. அதிலும் பதியம் பிடிக்கும், ஆனால் அது மாபெரும் மரமாகிவிடும், தாமான் வீட்டு வாசலுக்கு ஆகாது.

சீமை அத்தியை விதை போட்டு வளர்க்க நினைக்க வேண்டாம். பழத்துக்குள் கடுகுபோல் கடிபடுவது பெரும்பாலும் உள்ளீடற்ற விதை. இந்தப் பூவில் மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு குளவி நம் நாட்டில் இல்லை. இங்கே காய்க்கிற பிரௌன் தர்க்கி, மசுய் டாபின், தைவான் கோல்டன் போன்றவை மகரந்தம் இல்லாமலே பழுக்கிற வகைகள். யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த, 11,000 ஆண்டுக்கும் மேலான கருகிய அத்திப் பழங்களும் இதே மாதிரி விதை கட்டாத வகை என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். விதை கட்டாத மரத்தை மனிதன் கிளையை வைத்துத்தான் பெருக்கியிருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். பதியத்தில் எடுத்த கன்று தாய் மரத்தின் அச்சு. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு ரப்பர் வகை நட்ட நெரையில் (வரிசையில்) எல்லா மரமும் ஒரே குணமாக இருக்குமே, அதே கணக்கு. உங்கள் மரத்தில் எந்தப் பழம் காய்க்கிறதோ அதே பழம் மகள் வீட்டிலும் காய்க்கும்.

இனி முதல் தோல்வி. பட்டை மூடிக்கொண்டது என்று நீங்கள் எழுதினதிலேயே விடை இருக்கிறது.

வீட்டில் பால்மரம் வெட்டின, அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுத்த பெரியவர்கள் யாராவது இருந்தால் இதை நொடியில் புரிந்துகொள்வார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழுவழுவென்று தாள்போல் ஒரு படலம் இருக்கிறது, கேம்பியம் என்பார்கள். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். பால் வெட்டுகிறவரின் திறமை முழுவதும் அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே உளியை நிறுத்துவதில் இருக்கிறது. தொட்டுவிட்டால் மரத்தில் காயம், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வந்து பிறகு அங்கே வெட்டவே முடியாது. தொடாமல் விட்டால் சீவின இடத்தில் சில வருடத்தில் புதுப் பட்டை வந்துவிடும். உங்கள் அத்தியில் நடந்ததும் இதுதான். பட்டையை உரித்தீர்கள், படலத்தை விட்டுவிட்டீர்கள். அது உயிரோடு இருந்தது, புதுப் பட்டை கட்டிக்கொண்டது.

பதியத்தில் செய்யவேண்டியது பால் வெட்டுக்கு நேர் எதிரான வேலை. அந்தக் காயத்தைத்தான் வேண்டுமென்றே, சுற்றிலும் ஒரு இழை விடாமல் போட வேண்டும். இலையில் தயாராகும் சர்க்கரையும், நுனி மொட்டில் ஊறி வேர் விடத் தூண்டும் சுரப்பும் பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது கட்டை வழியாக. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் மேலேயிருந்து வருவது வளையத்தின் மேல் விளிம்பில் வந்து தேங்கி நிற்கும். தண்ணீர் மட்டும் தடையில்லாமல் ஏறும், இலை வாடாது. தேங்கின இடத்தில் ஈரமும் இருட்டும் காற்றும் கிடைத்தால் அங்கே வேர் புறப்படும். கேம்பியம் ஒரு நூல் அகலம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதன் வழியே பாலம் கட்டிக்கொண்டு எல்லாம் பழையபடி கீழே இறங்கிவிடும். வேர் விட மரத்துக்கு அவசியமே இருக்காது.

எந்தக் கிளை? பென்சில் கனத்துக்கும் கட்டைவிரல் கனத்துக்கும் நடுவில், அதாவது 1 முதல் 2 சென்டிமீட்டர். தோல் பச்சையிலிருந்து பழுப்புச் சாம்பலுக்கு மாறியிருக்க வேண்டும், ஆனால் பட்டை தடித்து வெடித்த பழைய கட்டையாக இருக்கக் கூடாது. நிமிர்ந்து வெயிலில் வளர்ந்த கிளை நல்லது. மரத்துக்குள் நிழலில் நோஞ்சானாக நீண்டு கிடப்பது வேண்டாம், அதில் தேங்குவதற்குச் சர்க்கரையே இருக்காது. நுனியிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் கீழே இறங்கி, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் வெட்டு கணுவுக்கு அடியில் ஒரு விரல் தள்ளி அமைந்தால் வேர் வெட்டிலும் புறப்படும், கணுவிலும் புறப்படும். அந்த இடத்துக்கு மேலும் கீழுமாக 10 சென்டிமீட்டருக்கு இலைகளைக் காம்போடு எடுத்துவிடுங்கள். பைக்குள் மாட்டிய இலைதான் முதலில் அழுகும்.

கத்தி கூர்மையாக, ஸ்பிரிட்டில் துடைத்ததாக இருக்கட்டும். கடையில் அட்டைப்பெட்டி வெட்டுகிற கட்டரே போதும். கிளையைச் சுற்றி ஒரு வெட்டு, அதற்கு 2.5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு வெட்டு, இரண்டையும் சேர்த்து நெடுக்கில் ஒரு கீறல். கீறலில் கத்தி நுனியை விட்டு நெம்பினால் பட்டை சட்டையைக் கழற்றுவதுபோல் சுருளாக வந்துவிடும். கட்டை வரை வெட்டு இறங்க வேண்டும், கட்டைக்குள் இறங்கக் கூடாது. ஆழமாகப் போனால் காற்றடித்த அன்று கிளை அந்த இடத்தில் ஒடியும்.

பட்டை வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. உரித்த கட்டையை விரலால் தடவிப் பாருங்கள். மீன் செதிலுக்கு அடியில் இருக்கிற மாதிரி வழுக்கும். அந்த வழுவழுப்புதான் கேம்பியம். கத்தியை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, அழுத்தி வெட்டாமல், கேரட் தோலைச் சுரண்டுவதுபோல் மேலிருந்து கீழாக வளையம் முழுவதும் சுரண்டுங்கள். ஈரமான, வெளிறிய பச்சை மசிபோல் ஏதோ கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும். வருவது நின்று, கட்டை வெள்ளையாக, விரலுக்குச் சொரசொரவென்று உலர்ந்து தட்டும்போது நிறுத்தலாம். கிளையின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் எல்லாருக்கும் ஒரு கீற்று மிச்சமாகும். ஒரு தடவை சுற்றி வந்து அதையும் பாருங்கள்.

பால் வடியும். கிளையைத் தொட்டாலே அத்தி பால் சொரியும், அது வேரைத் தடுக்காது. ஈரத் துணியால் துடைத்து 10, 15 நிமிடம் விட்டால் நின்றுவிடும். ஆனால் உங்கள் தோலைப் பற்றிக் கவலைப்படுங்கள். அத்திப்பாலில் புரதத்தைக் கரைக்கிற ஃபிசின் இருக்கிறது. அதோடு வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடுகிற சோரலின் என்ற பொருளும் இருக்கிறது. பால் பட்ட கையோடு வெயிலில் நின்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ கோடு கோடாகக் கொப்புளம் கிளம்பி, ஆறின பிறகும் கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். கையுறை, நீளக் கை சட்டை, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவல். இவற்றில் எதையும் தவிர்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தவும் வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு செய்வது உத்தமம்.

வேர்ப் பொடி வேண்டுமா என்றால், அத்திக்குக் கட்டாயம் இல்லை. வாங்கி வைத்திருந்தால் 0.1 முதல் 0.3 சதவீத ஐ.பி.ஏ. தூளை மேல் விளிம்பில் மட்டும் மெல்லியதாகத் தொட்டு வைத்து, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். கீழ் விளிம்பில் பூசுவது வீண், அங்கே வேர் வராது. அள்ளிப் பூசினால் விளிம்பு கருகும். தேன் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. தேன் வேரைக் கூப்பிடுமோ இல்லையோ, எறும்பைக் கட்டாயம் கூப்பிடும்.

இப்போது இரண்டாம் தோல்வி, அழுகல். நம் பக்கத்துச் செம்மண் களி நனைந்தால் காற்றுப் புகாத கட்டியாகிவிடும். வேர் புறப்பட ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். அதோடு சாணம். முழுதாக மக்காத சாணம் பைக்குள் இருந்துகொண்டு மக்கும்போது சூடேறும், இருக்கிற கொஞ்சக் காற்றையும் அதிலுள்ள கிருமிகளே தீர்த்துவிடும். பச்சைக் காயத்தின் மேல் அதை வைத்துக் கட்டினால் கறுத்துப் போகாமல் என்ன செய்யும்? வேர் இல்லாத இடத்தில் எருவுக்கு வேலையே இல்லை. பதியப் பைக்குள் சத்து எதுவும் தேவைப்படாது, கிளைக்கு வேண்டியதைத் தாய் மரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கொல்லை மண்ணில் வேர்முடிச்சுப் புழுவும் இருக்கலாம், அது அத்திக்குப் பரம எதிரி. அதைப் பிறந்த அன்றே கன்றுக்கு ஊட்டிவிடக் கூடாது.

தேங்காய் நார்த்தூள், கோகோபீட் என்று விற்பது, இதற்குப் போதும். உப்பு இருக்கும் சரக்கும் வருவதால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். வீட்டில் உரித்த தேங்காய் மட்டையைப் பிய்த்து எடுத்த நாரும் ஆகும். அதைத் தண்ணீர் மாற்றி மாற்றி நான்கைந்து நாள் ஊறவைத்தால் பழுப்புக் கறை இறங்கிவிடும். ஒரு பதியத்துக்கு இரண்டு கைப்பிடி, சுமார் 300 முதல் 400 மில்லிலிட்டர்.

ஈரத்தின் அளவுதான் உயிர்நாடி. ஊறின தூளை ஒரு பிடி அள்ளி முழுப் பலத்தோடு பிழியுங்கள். தண்ணீர் ஒழுகி நின்ற பிறகு மறுபடியும் ஒரு பிழி. இப்போது விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுத் தொங்கி நிற்க வேண்டும், வழியக் கூடாது. கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பாதிப் பிழியலில் நிறுத்திவிடுகிறார்கள், காய்ந்துபோய்விடுமோ என்று பயம். இறுகக் கட்டின பையிலிருந்து ஈரம் எங்கும் போகாது. நம் காற்றில் ஆறு வாரம் அப்படியே நிற்கும்.

கட்டுவதற்கு ஒட்டுக்கடையில் தே ஐஸ் கட்டிக் கொடுக்கிற 6-க்கு 9 அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் பையே நல்ல சாமான். பிழிந்த நார்த்தூளைப் பைக்குள் இறுக அடைத்து, காற்றை வெளியேற்றி, வாயை முடிச்சிட்டுத் தலையணைபோல் ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு பையின் ஒரு பக்கத்தை நெடுக்கில் கீறி, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து, வளையத்தின் மேல் கவ்வ வையுங்கள். கீறல் கிளையின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். மலாய்க்காரர் நர்சரிகளில் 'தூட்' போடுவது இப்படித்தான். கிளையில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கைச் சுற்றுவதைவிட இது வேகம், ஒரே ஆளாகச் செய்யலாம். பையின் நடுப்பகுதி வளையத்தின் நடுவில் வரக் கூடாது, மேல் விளிம்புக்கு நேராக வர வேண்டும். வேர் வருவது அங்கேதான். வளையத்தை மட்டும் பார்த்துக் கட்டினால் வேர் பையின் ஓரத்தில் போய் முட்டி நிற்கும்.

மேல் கட்டும் கீழ்க் கட்டும் ராப்பியா கயிற்றால், நார் கட்டையோடு நன்றாக அழுந்தும்படி. உள்ளே வெற்றிடம் இருந்தால் அந்தப் பக்கம் வேர் வராது. பையைப் பிடித்துத் திருகிப் பார்த்தால் அது கிளையைச் சுற்றிச் சுழலக் கூடாது. மேல் கட்டுக்கு மேலே ஒட்டு டேப்பையோ கறுப்பு வயர் டேப்பையோ இழுத்து இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். இது அழகுக்கு இல்லை. சுங்கை சிப்புட்டில் மத்தியானத்துக்கு மேல் கொட்டுகிற மழை கிளை வழியே ஓடி வரும், மேல் முடிச்சுத் தளர்ந்திருந்தால் பைக்குள் இறங்கி நிற்கும். கோகோபீட்டே வைத்துக் கட்டினவர்களுக்கும் அழுகுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு வைத்தால் தப்பித் தவறி இறங்கின தண்ணீர் வெளியேறிவிடும்.

கடைசியாக மேலே ஒரு சுற்று அலுமினியத் தாள், பளபளப்புப் பக்கம் வெளியே. வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே இருட்டாக இருக்கும், பாசி பிடிக்காது. கறுப்புப் பிளாஸ்டிக்கை நேர் வெயிலில் சுற்றினால் உள்ளே நார் சூடேறி, புறப்பட்ட வேர் வெந்துபோகும். தாளை எளிதாகப் பிரித்து மறுபடி மூடும்படி சுற்றுங்கள், வாரம் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். நனைந்த நாரோடு பை கால் கிலோ வரை கனக்கும், வளையம் போட்ட இடமோ கிளையின் பலவீனமான இடம். பென்சில் கனக் கிளையாக இருந்தால் ஒரு மூங்கில் குச்சியை வளையத்துக்கு மேலும் கீழும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

நமக்குக் குளிர்காலம் கிடையாது, அத்தி இங்கே முழுதாக இலை உதிர்த்துத் தூங்குவதில்லை. ஆகையால் எந்த மாதத்திலும் போடலாம். மரம் புது இலை விட்டு முற்றின நிலையில் இருப்பதைப் பார்த்துப் போட்டால் வேகம் கூடும். இலையெல்லாம் துரு நோயால் கொட்டிப்போன மரத்தில் போடாதீர்கள், இலை திரும்பட்டும்.

மூன்றாம் நான்காம் வாரத்தில் பிளாஸ்டிக் ஓரமாக வெள்ளை வேர் தெரியும். நான்காம் வாரம் தாண்டியும் ஒன்றும் தெரியாவிட்டால் பிரித்துப் பாருங்கள், என்ன நடந்தது என்று கிளையே சொல்லிவிடும். வளையத்தின் குறுக்கே பச்சையாகவோ வெளிறிய சதைபோலவோ ஒரு பாலம் ஓடினால் கேம்பியம் மிச்சம், மறுபடி சுரண்டிக் கட்டலாம். மேல் விளிம்பில் பொரிபோலப் பருத்து வெள்ளைக் கட்டி நிற்கிறது, வேர் மட்டும் இல்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கத்தி நுனியால் அந்தக் கட்டியை இரண்டு மூன்று இடத்தில் லேசாகக் கீறி, ஈரத்தைச் சரிபார்த்து, மறுபடி கட்டி மூன்று வாரம் கொடுங்கள். நார் உலர்ந்து கிடந்தால் மேல் கட்டுக்குப் பக்கத்தில் சிரிஞ்சால் 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஏற்றுங்கள். புளித்த வாடையும் கறுப்பும் இருந்தால் அந்தக் கிளையை நல்ல கட்டை தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு வேறு கிளைக்குப் போங்கள். பைக்குள் எறும்பு கூடு கட்டியிருப்பதும் உண்டு. எறும்பு வந்த இடத்துக்கு மாவுப்பூச்சியையும் கூட்டி வரும். அப்போது பையைப் புதிதாக மாற்றிவிடுவதே மேல்.

பட்டையே உரிக்காமல், பச்சை மாறாத இளங்கிளையில் கணுவைச் சுற்றி நாரைக் கட்டிவிட்டாலும் அத்தி வேர் விடும். சில பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பிடித்தால் நல்லது, ஆனால் நாள் கூடுதலாகும், வேர் ஒரு பக்கமாகவே வரும். இரண்டே கன்று வேண்டிய உங்களுக்கு வளையம் போடுவதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் தோல்விக்கு வருவோம், மனசு ரொம்ப உடைந்துபோகிற தோல்வி இதுதான். வேர் வந்தாகிவிட்டது, பிறகு ஏன் செத்தது?

வெள்ளை வேர் தெரிந்த அன்று வெட்டினீர்கள். முதலில் வருகிற அந்த வெள்ளை வேர் பால்பல் மாதிரி. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், தொட்டால் முறியும், தண்ணீர் உறிஞ்சுவதும் குறைவு. அது வெளிர் பழுப்பாகி, பக்கத்தில் மெல்லிய கிளை வேர்கள் விட்டு, பையின் எல்லாப் பக்கமும் சல்லடைபோல் படர்ந்த பிறகுதான் ஒரு கிளைக்குத் தண்ணீர் கொடுக்கும் தெம்பு வரும். முதல் வேர் தெரிந்த நாளிலிருந்து இன்னும் இரண்டு மூன்று வாரம். கட்டின நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்து ஆறு வாரம். ஒரு பக்கம் மட்டும் வேர் என்றால் இன்னும் பொறுங்கள். மரத்தில் கூடுதலாக இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை, நார் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, இலை. உள்ளங்கையைவிடப் பெரிய அத்தி இலைகள் எட்டுப் பத்தோடு அந்தக் கிளையை இறக்கியிருப்பீர்கள். தாய் மரத்தின் வேர் முழுவதும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த இலைகள் அவை. ஒரு கைப்பிடி வேரால் அத்தனைக்கும் ஊற்ற முடியாது. இலை தொங்கினதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நிறைய ஊற்றியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அதில் மிச்ச வேரும் மூச்சுமுட்டி அழுகியிருக்கும். வாடின கன்றுக்கு வேண்டியது தொட்டியில் கூடுதல் தண்ணீர் அல்ல. இலையைக் குறைக்க வேண்டும், சுற்றிலும் காற்றை ஈரமாக்க வேண்டும்.

ஆகையால் இந்தத் தடவை இப்படி இறக்குங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் பைக்குக் கீழே கிளையின் பாதிக் கனத்துக்கு ஒரு வெட்டு கொடுத்து வையுங்கள், குச்சி கட்டிய கிளையாக இருந்தால் ஒடியாது. தாய் மரத்திலிருந்து தண்ணீர் பாதியாகக் குறையும், பைக்குள்ளிருக்கும் வேர் வேலை பழகும். இலை வாடாமல் நின்றால் தயார் என்று அர்த்தம். வெட்டுகிற அன்று சாயங்காலம், நுனியில் இரண்டு மூன்று இலையை மட்டும் விட்டு, அவற்றையும் கத்திரியால் பாதியாக நறுக்கிவிடுங்கள். காய் எத்தனை இருந்தாலும் பறித்துவிடுங்கள், மனசு வராதுதான். பைக்கு அடியில் ஒட்ட வெட்டி, பிளாஸ்டிக்கைக் கத்தியால் கீறிக் கழற்றுங்கள். நார் உருண்டையை உதற வேண்டாம், வேரைப் பிரித்துவிடவும் வேண்டாம். அந்த உருண்டை உடைந்தால் வந்த வேரில் பாதி அதோடு போய்விடும்.

நட 6 அல்லது 8 அங்குலப் பாலிபேக் போதும். பெரிய தொட்டியில் நேராக வைத்தால் வேர் எட்டாத மண் எல்லாம் நனைந்தே கிடந்து புளிக்கும். கலவை, கோகோபீட் இரண்டு பங்கு, கருக்கின உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய கம்போஸ் ஒரு பங்கு. பச்சைக் கோழி எரு இந்தக் கட்டத்தில் விஷம். பழைய வளையத்தின் மேல் விளிம்பு மண்ணுக்குள் 3 சென்டிமீட்டர் இறங்கும்படி வைத்து, குச்சி நட்டு, எட்டுப்போல் கயிறு போட்டுக் கட்டுங்கள். காற்றில் ஆடுகிற கன்றின் வேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறுந்துகொண்டே இருக்கும்.

ஒரு தடவை அடியில் ஒழுகும் வரை தண்ணீர் ஊற்றி, தெளிவான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்து மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில், காடி (கார்) நிறுத்துகிற கூரைக்கு அடியில் என்றாலும் சரி, வையுங்கள். ஏழெட்டு நாள் கழித்துப் பையின் மூலையை வெட்டுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம், பிறகு முழுதாக எடுங்கள். தண்ணீர், மேல் மண் விரலுக்கு உலர்ந்து தட்டும்போது மட்டும். இரண்டு மூன்று வாரத்தில் நுனியில் புது இலை விரியும். பழைய இலை மஞ்சளாகி விழுந்தாலும் நுனி மொட்டு பச்சையாக, கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். இரண்டு புது இலை முழுதாக விரிந்த பிறகு பாதி நிழல் வலைக்கு அடியில் ஒரு வாரம், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். உரம் அப்போதுதான், அதுவும் மெதுவாகக் கரையும் குருணை ஒரு தேக்கரண்டி. பாலிபேக்கின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தால் மகள் வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே முதலில் வருகிற காய்களைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். முற்றின கிளையிலிருந்து வந்த கன்று என்பதால் இடுப்பளவு வளருமுன்பே காய்க்க ஆரம்பித்துவிடும், வேர் பிடிக்கிற நேரத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

குச்சி நட்டால் ஆகாதா என்று கேட்டீர்கள். ஆகும், 15 முதல் 20 சென்டிமீட்டரில் மூன்று நான்கு கணு உள்ள குச்சி, இதே பிழிந்த கோகோபீட். குளிர் நாடுகளில் அத்தியை அப்படித்தான் பெருக்குகிறார்கள். அங்கே இலை உதிர்ந்து, சத்தெல்லாம் கட்டையில் சேமித்து மரம் உறங்கும்போது குச்சி எடுக்கிறார்கள். இங்கே நம் மரம் உறங்குவதே இல்லை. குச்சி எப்போதும் சாறு ஓடிக்கொண்டிருக்கும் குச்சி, சேமிப்பு குறைவு, வேர் வருமுன் இலை தள்ளிவிடும் அல்லது அடி அழுகிவிடும். இருபது குச்சி வெட்டிப் பத்துப் போனால் பரவாயில்லை என்கிறவர்களுக்குக் குச்சி சரி. ஒரே மரத்தில் இரண்டு நல்ல கன்று வேண்டும் என்றால் பதியம்தான். வேர் வராவிட்டாலும் கிளை உயிரோடு மரத்திலேயே இருக்கும், மறுபடி முயலலாம். தென்னையிலோ வாழையிலோ இதைச் செய்ய முடியாது, செம்பனையிலும் முடியாது. உரித்தெடுக்கத் தனிப் பட்டையும் சுற்றிலும் கேம்பிய வளையமும் அவற்றில் கிடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள். இலையில் ஓரம் தெளிவில்லாத மஞ்சள் திட்டுகள், இலை கோணல்மாணலாகச் சிறுத்து வருவது இருந்தால் அது மொசைக் வைரஸாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் பரப்பும், பதியமும் பரப்பும். தாய் மரத்தில் இருப்பது கன்றிலும் வரும், மருந்து கிடையாது. அப்படிப்பட்ட மரத்திலிருந்து யாருக்கும் கன்று கொடுக்காதீர்கள். இலைக்கு அடியில் துருத்தூள்போல் பழுப்பாக இருப்பது துரு நோய். அது மழைக்காலத்தில் நம்மூரில் எல்லா அத்தியிலும் வரும், கட்டைக்குள் புகாது, இலையைப் பறித்து அப்புறப்படுத்தினால் கன்று சுத்தமாக இருக்கும்.

தாய் மரம் கெடுமா என்றால், அளவோடு எடுத்தால் தழைக்கும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக் கிளைக்கு மேல் வளையம் போடாதீர்கள், ஏனென்றால் வளையம் போட்ட கிளையின் சர்க்கரை வேருக்கு இறங்காது, எல்லாக் கிளையிலும் போட்டால் வேர் பட்டினி கிடக்கும். உங்கள் ஆறடி மரத்தில் இரண்டு அல்லது மூன்று சரி. மூன்று போட்டால் ஒன்று தோற்றாலும் இரண்டு கையில் இருக்கும். பதியத்தை இறக்கின பிறகு மிச்சமிருக்கும் கட்டையை இரண்டு கணு விட்டுச் சாய்வாக வெட்டிவிடுங்கள், வெட்டு வாயில் மரப் பெயிண்ட் தடவுங்கள். திறந்த காயத்தை நீளக் கொம்பு வண்டு தேடி வந்து முட்டையிடும், அதன் புழு கட்டையைக் குடையும். வெட்டின இடத்துக்குக் கீழே பட்டையில் மரத்தூள் தள்ளியிருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். அந்த இரண்டு கணுவிலிருந்து இரண்டு புதுக் கிளை கிளம்பும். அத்தி பெரும்பாலும் காய்ப்பது புதுக் கிளையின் இலையிடுக்கில், அதனால் ஒரு கிளை போன இடத்தில் இரண்டு கிளையில் காய் பார்ப்பீர்கள்.